ஒத்திவைத்த துயரம்

துன்பம் நேர்ந்தவிடத்து அதனைச் சற்றே ஒதுக்கிவைத்துக் கடமையைக் கவனித்தல் மனித இயல்பாகும். அவ்வியல்பின் வலிமையையும் எல்லையையும் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கரையோரம் ஒருங்கே கண்டது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. எஞ்சியோர்க்கு அழ நேரமேது? ஜனாஸாக்களை அடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நீரும் சோறும் தேட வேண்டும். அன்று துயரை ஒத்திவைத்தமை அறிவுடைமையே.

ஆயின், தோணியும் வலையும் கைக்கு வந்த பின்னரும் ஒத்திவைப்புத் தொடருமாயின் யாது நிகழும்? அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வெண்கரடியை ஐந்து நிமிடம் நினையாதிருக்குமாறு சிலர் பணிக்கப்பட்டனர், இயலவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று விடப்பட்டபோதோ, தொடக்கத்திலேயே நினைக்க விடப்பட்டோரினும் மிகுதியாக அவர்கள் அதனை நினைத்தனர். யாரோ சொன்ன கரடிக்கே இவ்வாறெனின், கைநழுவிப் போன பிள்ளையின் முகத்துக்கு எவ்வாறிருக்கும்!

இக்கரையோர முஸ்லிம் ஊர்களில், கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா உண்டு. அதற்கு வேறு நோக்கங்களும் உளவெனினும், துக்கத்துக்கு ஒரு காலத்தை அது ஒதுக்கிக் கொடுக்கிறது. மனைவியை இழந்த ஆணுக்கு அத்துணை நீண்ட தவணை இல்லை. “சபூர் செய்யுங்கள்” என்ற சொல்லே அவனுக்குக் கிட்டுவது. அதனையும் பலர் வாய்மூடியிருத்தல் என்றே கொள்கின்றனர். அழகிய பொறுமையைப் பேசும் யூசுப் அத்தியாயமே, மகனைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துயரால் வெளுத்துப்போனதையும், அவர் தம் வேதனையை இறைவனிடம் முறையிட்டதையும் கூறுகிறது.