இரண்டு பேரேடுகள்



சிற்றூர்த் தொண்டுக் கழகம் ஒன்றில் நான் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்ததுண்டு. உறுப்பினர் 25 பேர். ஆளுக்கு ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். ஆக, வருவாய் 30,000 ரூபாய். மண்டப வாடகை, அச்சுச் செலவு, தபால் செலவு ஆகியவற்றுக்கே இத்தொகை சரியாகிவிடும். எனவே, தொண்டுக்கு வேண்டிய பொருளைப் பொதுமக்களிடமே திரட்டினோம். கடைத்தெருவில் உண்டியல் ஏந்தினோம்.

ஒருமுறை சந்தா வரத் தாமதமாயிற்று. வாடகைக்கு நாள் நெருங்கிவிட்டது. கண் சிகிச்சை முகாமுக்கென வசூலித்த பணம் என் கையில் இருந்தது. பிறகு ஈடு செய்துவிடலாம் என்றெண்ணி, அதிலிருந்து 2,000 ரூபாயை எடுத்து வாடகையைச் செலுத்தினேன். சந்தா தரவேண்டிய இருவரோ ஊரை விட்டே போய்விட்டனர். முகாமன்று மூக்குக் கண்ணாடி வாங்கப் பணம் குறைந்தது. உண்டியலில் காசு போட்டிருந்த காய்கறிக்கார அம்மையார், "ஐயா, என் காசு கண்ணாடிக்குத்தானே போயிற்று?" என்று கள்ளமின்றிக் கேட்டார். நான் மறுமொழி கூற இயலாது நின்றேன். ஒரு காசும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் அவர் நம்பி அளித்ததை வேறு வழியில் செலவிட்டுவிட்டேன் அல்லவா? அந்த வாரமே என் சொந்தப் பணத்தால் குறையை நிறைவு செய்து, நடந்ததைக் கூட்டத்தில் அறிவித்தேன்.

1917-ஆம் ஆண்டில் மெல்வின் ஜோன்ஸ் என்பாரின் முயற்சியால் சிக்காகோவில் தோன்றிய அரிமா சங்கம், இவ்விடரைத் தவிர்க்க ஒரு விதி வகுத்துள்ளது. உறுப்பினர் சந்தா நிர்வாகத்துக்கு; மக்கள் தந்த பணம் மக்களுக்கு. இரண்டுக்கும் கணக்குகள் தனித்தனி. நாங்களும் அவ்வாறே வங்கியில் இரண்டு கணக்குகள் தொடங்கினோம். உண்டியலை இருவர் முன்னிலையில் எண்ணினோம்; வரிசை எண்ணிட்ட ரசீது கொடுத்தோம்; காசோலையில் இருவர் கையொப்பமிட்டோம்; வரவு செலவை மாதந்தோறும் கூட்டத்தில் வாசித்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தா வருவாய்க்குள் அடங்குமாறு நிர்வாகச் செலவைச் சுருக்கினோம். வாடகை மண்டபத்தை விட்டு, ஓர் உறுப்பினர் வீட்டுத் திண்ணையிலேயே கூடினோம்.

நாளை உங்களில் ஒருவர் கல்லூரித் தமிழ் மன்றத்துக்கோ, விடுதி உணவுக் குழுவுக்கோ பொருளாளர் ஆகலாம். நல்லெண்ணம் இருந்தால் போதும், கணக்கு எதற்கு என்று அப்போது எண்ணிவிடாதீர்கள். என்னிடமும் நல்லெண்ணம் இருந்தது. இல்லாதிருந்தது இரண்டாவது பேரேடுதான்.