வாதம் என்னும் ஒரு சொல்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஒரே சொல் பல பொருள்களைச் சுமந்து நின்றால் எங்களுக்குத் தொல்லை. நோயாளிக்கோ அது ஆபத்து. கொல்கத்தாவில் வாழும் நாம் மூட்டுவலி எதுவாயினும் ‘வாதம்’ என்று சொல்லிவிடுகிறோம். அண்டை வீட்டு வங்காளியரும் ‘பாத்’ என்கின்றனர். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஆனால் அச்சொல்லுக்குள் மறைந்திருக்கும் நோய்கள் பல.

ஒரு நள்ளிரவில் என் தமையனாருக்குக் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிற்று. போர்வை படுவதையும் அவர் பொறுக்கவில்லை. சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தேய்த்தேன்; வலி இரட்டித்தது. அது கௌட் என்னும் நோய். இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் தங்குவதே அதன் காரணம். அவ்வமிலம் இந்நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருப்பதை ஆல்பிரட் காராட் என்ற ஆங்கில மருத்துவர் 1848இல் காட்டினார். ஈரல், சில கடல் மீன்கள், பீர் ஆகியவை அதனை வளர்க்கும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை வலி நின்ற பின்னரும் தொடர வேண்டும்.

1963இல் இந்நகரில் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல் மற்றொரு வகை. அடுத்த ஆண்டில் அது சென்னையையும் வாட்டியது. கொசுவால் பரவும் இக்காய்ச்சல் சில நாட்களில் தணியும். மூட்டுவலியோ சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

என் தாயாருக்கு வந்ததோ முடக்குவாதம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்கா. இரு கைகளிலும் ஒத்தாற்போல் வீக்கம். உடலின் காவற்படையே தன் மூட்டுச் சவ்வைத் தாக்கும் நோய் இது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆய்வுக் குழுவினர் உருவாக்கிய மெத்தோட்ரெக்சேட் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இந்நோய்க்கு அதனை வாரம் ஒருமுறையே உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு.

என் தாயார் அம்மருந்தை அறியுமுன், யாரோ கொடுத்த பெயரில்லாப் பொட்டலத்தை எட்டு மாதம் உண்டார். வலி மாயமாய் மறைந்தது. நாங்களும் மகிழ்ந்தோம். அதில் இருந்தது ஸ்டிராய்டு என்பது பின்னரே தெரிந்தது.

தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்திச் சுழல்வதே இடுப்பு மூட்டு. உடற்பாரத்தைத் தாங்கும் அத்தலைக்கு மெல்லிய குழாய்கள் வழியேதான் பெரும்பாலும் இரத்தம் செல்கிறது. ஸ்டிராய்டை அளவின்றி நெடுநாள் உண்டால் அவ்வோட்டம் தடைப்படலாம். எலும்பு மடிந்து நொறுங்கலாம். தாயாருக்குத் தொடைச் சந்தில் வலி கண்டபோது, படத்தில் நாங்கள் கண்டது அதுவே. இன்று அவர் செயற்கை மூட்டுடன் நடக்கிறார்.

ஸ்டிராய்டு தன்னளவில் நஞ்சன்று. மருத்துவர் கையில் அது நன்மருந்து. நெடுநாள் உண்டவர்கள் அதனைத் திடீரென நிறுத்துதலும் கூடாது.

நாள்தோறும் சொற்களுக்குப் பொருள் தேடும் நான், அப்பொட்டலத்தில் இருப்பது என்னவென்று ஒருநாளும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: என் நோயின் பெயர் என்ன? மருந்தின் பெயர் என்ன? எத்தனை நாள் உண்ண வேண்டும்? தமிழிலோ, வங்காளியிலோ, தெரிந்த மொழியில் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை மருந்தை வாயிலிடாதீர்கள்.