பண்டிகை விருந்தும் இன்சுலின் பம்பும்

(நமது சங்கத்தின் தீபாவளிக் குடும்பக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



பண்டிகை நாளில் வியாதியைப் பற்றிப் பேசுவது அபசகுனமென்று சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதியே எம் வீட்டில் ஒரு பெரும் விபத்தை யாம் வரவழைத்துக்கொண்டோமாதலின், இவ்விஷயத்தையே பேச அனுமதி கேட்டுப் பெற்றோம்.

எம் குமாரத்திக்கு 9-ஆம் வயதில் முதல் வகை நீரிழிவு கண்டது. வயது முதிர்ந்தோர் பலரிடம் நாம் காணும் சர்க்கரை வியாதி வேறு, இது வேறு. இதில் கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்தியே விடுகிறது. இனிப்புத் தின்றதனால் வருவதன்று. பெற்றோர் பாவத்தால் வருவதுமன்று. டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் 1921-இல் ஆராய்ந்து கண்ட இன்சுலின், 1922-இல் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிது.

இன்று அப்பெண் இடுப்பில் அணிந்திருப்பது இன்சுலின் பம்பு. கைக்குள் அடங்கும் பெட்டி. அதிலிருந்து மெல்லிய குழாயொன்று தோலினடியில் செருகிய சிறு குழலுக்குச் செல்கிறது. இரவும் பகலும் துளித்துளியாக மருந்து இறங்கிக்கொண்டிருக்கும். உணவு வேளையில் மாத்திரம் பொத்தானை அழுத்தித் தனியளவு சேர்க்கவேண்டும். புதிய பம்புகளிற் சில, இரத்தச் சர்க்கரையைப் பார்த்துத் தாமே மருந்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. ஆயினும் இலையில் எவ்வளவு சோறு விழுந்ததென்பதை நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும்.

இங்கேதான் பண்டிகைச் சாப்பாட்டின் சங்கடம். ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து உண்டு. பத்துக் கிராமுக்கு ஒரு யூனிட் என்று வைத்தியர் விதித்திருந்தால் அதற்கு நாலரை யூனிட். (இவ்விகிதம் ஆளுக்கு ஆள் வேறு; ஒருவர் கணக்கை மற்றொருவர் கொள்ளலாகாது.) சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று சோறு விழுகையில், "இன்னும் ஒரு கரண்டி" என்று பெரியம்மாள் அன்போடு சாய்த்துவிட்டால் கணக்கு என்னாவது? வெல்லத்தில் செய்த அதிரசம் தீங்கில்லை என்பாரும் உளர். சர்க்கரையை உயர்த்துவதில் வெல்லமும் சீனியும் சகோதரர்களே. வடையும் நெய்ப் பட்சணமும் மெதுவாகச் செரிப்பவையாதலால், மருந்தில் ஒரு பகுதியை உடனே செலுத்தி, மிச்சத்தைச் சில மணி நேரத்துக்குப் பரப்பிவிடும் வசதி பல பம்புகளில் இருக்கிறது. அதை எப்பொழுது கையாள்வதென்று வைத்தியரிடம் முன்னரே கேட்டுவைத்தல் நலம்.

பந்தியின் தாமதம் இதனினும் கொடிது. மருந்தை உண்பதற்குக் கால் மணி முன்னதாகச் செலுத்துவது வழக்கம். "இலை போட்டாயிற்று" என்ற குரல் கேட்டுப் பெண் பொத்தானை அழுத்துவாள். பூஜை முடியவில்லை, மாமா வரவில்லை என்று முக்கால் மணி கழியும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறும். அந்நிலையில் 15 கிராம் அளவு சர்க்கரை கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடியும் சோதிக்கவேண்டும். ஆகவே இத்தகையோரை முதற்பந்தியில் அமர்த்துவது உபசாரமன்று, அவசியம். சோறு இலையில் விழுந்ததைக் கண்ணாற் கண்டபின் அழுத்துவதே விருந்தில் உத்தமமென்பது எம் அநுபவம்.

எண்ணெய் ஸ்நானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் பட்டால் தோலில் ஒட்டிய பட்டை நெகிழ்ந்து குழல் நழுவிவிடும். குளித்துத் துடைத்தபின் புதுக்குழல் மாட்டிக்கொள்வது நன்று. பம்பைக் கழற்றியிருக்கும் நேரம் ஒரு மணிக்கு மேற்படலாகாது. பம்பிலிருப்பது விரைவில் தீர்ந்துபோகும் இன்சுலின். உடலில் வேறு சேமிப்புக் கிடையாது.

இதை அறிந்திருந்தும் யாம் செய்ததைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் தீபாவளியன்று சம்பந்தம் பேச ஒரு குடும்பத்தார் வருவதாக இருந்தது. புடைவை இடுப்பில் பெட்டி தெரியுமே என்று, "அவர்கள் போகிறவரையில் கழற்றி வை, அம்மா" என்று சொன்னவர் யாமே. காலை எட்டு மணிக்குக் கழற்றினாள். வந்தவர்கள் விருந்துண்டு புறப்பட மூன்று மணியாயிற்று. அவளும் அவர்களுக்கெதிரே ஜாங்கிரியும் பாயசமும் உண்டாள், உண்ணாவிட்டால் சந்தேகப்படுவார்களே! மாலையில் வயிற்று வலியும் வாந்தியும். பட்சணம் ஒத்துக்கொள்ளவில்லையென்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். மூச்சு வேகமாகி இரைக்கத் தொடங்கியபின் அவள் தம்பியே இரத்தத்தைச் சோதித்துக் கூச்சலிட்டான். இன்சுலினின்றி இரத்தத்தில் அமிலம் பெருகும் கீட்டோஅசிடோசிஸ் அது. இரண்டு நாள் தீவிர சிகிச்சையிற் கிடந்து மீண்டாள். பம்பு அணிந்தவர் பண்டிகை நாளில் வாந்தியெடுத்தால் அஜீரணமென்று சும்மா இராமல், முதலில் சர்க்கரையையும் கீட்டோனையும் சோதித்து, தாமதமின்றி வைத்தியரிடம் செல்லுங்கள்.

கண் விழித்ததும் அவள் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "அப்பா, இனி யார் வந்தாலும் வெளியே தெரியும்படியே அணிவேன்" என்றாள். இன்று இக்கூட்டத்திலும் அவ்வாறே அணிந்து அமர்ந்திருக்கிறாள்.

நம் சமூகத்தில் இத்தகைய குழந்தைகள் இன்னும் சில வீடுகளில் உண்டென்பதை யாம் அறிவோம். ஜாதகம் எடுக்கும் காலம் வருமென்றஞ்சி மறைத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை யாம் கேட்கவில்லை. சங்கத்தின் பொங்கல் விருந்துக்குச் சமையற் கமிட்டியார் இரண்டு காரியம் செய்யும்படி மாத்திரம் வேண்டுகிறோம்: சர்க்கரைப் பொங்கலைப் பரிமாற ஒரே அளவுள்ள கரண்டியை வைத்து, அதிற் கொள்ளும் எடையையும் சேர்த்த அரிசி வெல்லத்தின் அளவையும் பலகையில் எழுதிவைக்கவேண்டும்; முதற்பந்தியில் பத்து இலைகளைக் காரணம் கேளாமல் ஒதுக்கவேண்டும். கரண்டியை நிறுத்துத் தரும் வேலையை எம் குமாரத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.