பழைய மெஷினை எடைக்குப் போடாதீங்க!
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் தையல் பயிற்றுநர் பேசியது)



தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. துணிப்பை, சணல் பை தைக்க நம்ம குழுக்களுக்கும் ஆர்டர் வருது. உடனே புது மெஷினுக்குக் கடன் கேட்கிறீங்க. கேளுங்க, தப்பில்லை. அதற்கு முன்னால், மாமியார் காலத்துக் கறுப்பு மிதி மெஷின் வீட்டில் இருந்தால் அதை ஒருமுறை பாருங்க.

அதன் உடம்பு வார்ப்பிரும்பு. பூப்போட்ட தையல் வராது, நேர்த்தையல் மட்டும்தான். ஆனால் கெட்டித்துணிக்கு அதுதான் கை கொடுக்கும்.

முதலில் பாபின் பக்கம் சேர்ந்த நூல் தூசியை எடுங்க. துளைகளில் மெஷின் எண்ணெய் விடுங்க. பெல்ட் தளர்ந்திருந்தால் மாத்துங்க. கேன்வாஸ், சணலுக்கு 16ஆம் நம்பர் ஊசி. இன்னும் கனமாக இருந்தால் 18. உறுதியான பாலியஸ்டர் நூல் போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்க.

கைப்பிடி சேரும் இடத்தில் துணி பல மடிப்பாக இருக்கும். அங்கே மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுத்துங்க. துணியை இழுக்காதீங்க, ஊசி வளைந்து தகட்டில் பட்டு உடையும்.

ஒன்று சொல்லணும். தடித்த தோல், பல மடிப்புத் தார்ப்பாய், தினமும் நூற்றுக்கணக்கில் பை என்றால் பவர் மெஷின்தான் வேணும். அதற்குக் கடன் வாங்கலாம்.

அடுத்த கூட்டத்துக்குப் பழைய மெஷினில் தைத்த ஒரு பையோடு வாங்க. அதில் பத்து கிலோ அரிசி போட்டுத் தூக்கிப் பார்ப்போம். கைப்பிடி தாங்கினால், வட்டி மிச்சம்!