நிலம் வாங்குமுன் அறிந்தவரிடம் கேட்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலத்தின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நம்மில் ஒருவர் பிள்ளைக்கு வரன் பார்ப்பதென்றால் பத்து பேரிடம் விசாரிக்கிறார். ஆடு வாங்கினாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். ஆனால் வளைகுடாவில் பதினைந்து ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொடுத்து மனை வாங்கும்போது மட்டும், "நம்ம ஆள்தானே சொல்கிறார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். நம்பிக்கை நல்ல பண்பே. எனினும் நம்பிக்கை வேறு, ஆய்வு வேறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கட்டளையிடுகிறது. அது ஒருவரையொருவர் ஐயுறுவதற்காகச் சொல்லப்பட்டதன்று. உறவு முறியாமல் இருப்பதற்காகச் சொல்லப்பட்டது.

பதிவானால் போதுமா?

"பத்திரம் பதிவாகிவிட்டது, இனி என்ன பயம்?" என்பார் பலர். சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பளிப்பதில்லை. உரிமை மூலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்று, தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று தெளிவாகக் கூறியது. தமக்கில்லாத உரிமையை ஒருவர் எழுதிக் கொடுத்தால், வாங்குபவருக்குக் கிடைப்பது முத்திரைத்தாள் மட்டுமே.

பட்டாவும் அப்படியே. அது வருவாய்த்துறையின் பதிவு; உரிமையை உறுதி செய்யும் ஆவணமன்று. 1979-இல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நேர்ந்த பெயர்ப் பிழைகளும் அளவுப் பிழைகளும் இன்றும் நீதிமன்றங்களில் வழக்குகளாக நிற்கின்றன.

வில்லங்கச் சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பதிவு செய்யப்பட்ட நடவடிக்கைகள் மட்டுமே அதில் தெரியும். நம் சமுதாயத்தில் வாய்மொழியாகவே ஹிபா கொடுக்கலாம். கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்து கைமாறினால் அது செல்லும். அந்த ஹிபா வில்லங்கச் சான்றில் வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வராது. இறந்தவருக்கு எத்தனை வாரிசுகள் என்பதும் வராது.

நம் மாவட்டத்திற்கென்று ஒரு சிக்கலும் உண்டு. விருதுநகர் மாவட்டம் 1985-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களில் இராமநாதபுரம் ஜில்லா என்றிருக்கும். 1910-க்கு முன் சிவகாசி, திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. விருதுநகரே 1923 வரை விருதுபட்டிதான். பழைய சர்வே எண்ணும் புதிய சர்வே எண்ணும் ஒரே நிலத்தைக் குறிக்கின்றனவா என்பதைத் தாய்ப் பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்து வருபவரே சொல்ல இயலும்.

சகோதரியின் பங்கு

ஜமாஅத்தார்களே, இன்றைய உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

ஒருவர் பத்து சென்ட் நிலத்தை விட்டு மறைகிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் உள்ளனர். ஷரீஅத் சட்டப்படி நிலத்தை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. அதாவது தாய்க்கு ஒன்றேகால் சென்ட், மகளுக்கு ஒன்றே முக்கால் சென்ட். இப்போது மகன்கள் இருவர் மட்டும் கையெழுத்திட்டுப் பத்து சென்ட்டையும் விற்கிறார்கள். வாங்கியவருக்குச் சட்டப்படி சேர்ந்தது ஏழு சென்ட் மட்டுமே. மூன்று சென்ட்டுக்குக் கொடுத்த பணம் காற்றில் போயிற்று. வீடு கட்டிக் குடியேறிய பின் மகள் பாகப்பிரிவினை வழக்குத் தொடர்ந்தால், தவறு அவர் மீதன்று.

"கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம்" என்பது விடுதலைப் பத்திரம் ஆகாது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் முதலில் விவசாய நிலத்தைச் சேர்க்காமல் இருந்தது. 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அதையும் சேர்த்துவிட்டது. ஆகவே கரிசல் காட்டிலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு. சட்டத்தை விடுங்கள், திருமறையின் நான்காம் அத்தியாயம் வரையறுத்த பங்கை மறைத்து விற்கப்பட்ட மனையில் கட்டிய வீட்டில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. நம் சட்டப்படி மைனரின் அசையாச் சொத்தைத் தாய் தம் விருப்பப்படி விற்க இயலாது. 1918-லேயே பிரிவி கவுன்சில் இதைத் தீர்த்துவிட்டது. நீதிமன்ற அனுமதி வேண்டும். பிற சமுதாயத்தாரின் வழக்கை மட்டும் அறிந்தவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவதுண்டு.

மனைப்பிரிவும் ஆலைப் பகுதியும்

விவசாய நிலத்தில் கல் நட்டு, கொடி கட்டி, மாதத் தவணையில் மனை விற்ற காலம் ஒன்று இருந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. தவணை முழுவதும் கட்டியவர்களும் தமிழகமெங்கும் திகைத்து நின்றனர். பின்னர் 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளே அதன் பயனைப் பெற முடிந்தது. அதற்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மலிவாக வாங்கிய மனை மலிவாக இல்லாமற் போயிற்று.

நம் பகுதியில் மற்றொன்றும் பார்க்க வேண்டும். வெடிபொருள் விதிகள், 2008-இன்படி பட்டாசு ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே பாதுகாப்பு இடைவெளி வேண்டும். அருகில் உரிமம் பெற்ற ஆலையோ கிட்டங்கியோ இருந்தால், அந்த மனையில் வீடு கட்டுவது சிக்கலாகலாம், உயிருக்கும் ஆபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு ஓடிச் சென்ற அக்கம்பக்கத்தாரும் அவர்களில் இருந்தனர். விலை குறைவு என்பதற்குக் காரணம் இருக்கும். அக்காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

யாரிடம் எதைக் கேட்பது?

தரகர், ஆவண எழுத்தர், வழக்கறிஞர், நில அளவர் ஆகிய நால்வரின் வேலையும் வெவ்வேறு. இதைக் குழப்பிக் கொள்வதே பல இழப்புகளுக்கு வேர்.

தரகர் இடத்தைக் காட்டுபவர். கிரயம் முடிந்தால்தான் அவருக்குக் கூலி. ஆகவே கிரயத்தை நிறுத்தச் சொல்லும்படி அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளையும், எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளையும் விற்பனைக்கு முன் பதிவு செய்யச் சொல்கிறது. அத்தகைய திட்டத்தை விற்றுத் தரும் தரகரும் பதிவு பெற வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. இத்திட்டங்களில் விற்பனை ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் பத்து சதத்திற்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது.

ஆவண எழுத்தர் நாம் சொல்வதை முறைப்படி எழுதித் தருபவர். உரிமையை ஆராய்வது அவர் பொறுப்பன்று.

உரிமையை ஆராய்பவர் வழக்கறிஞர். மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வாரிசு விவரம் அனைத்தையும் கொடுத்து, அவரது சட்டக் கருத்தை எழுத்தில் பெறுங்கள். அவர் விற்பவர் அமர்த்தியவராக இருத்தலாகாது. நிலம் வக்ஃபு பதிவேட்டில் உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வக்ஃபு சொத்தின் கிரயம் தொடக்கத்திலேயே செல்லாதது. அதிகாரப் பத்திரத்தின் பேரில் வாங்குவதானால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா என்பது முதற்கேள்வி. அதிகாரப் பத்திரம் மட்டுமே உரிமையை மாற்றாது என்று 2011 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

நான்கெல்லைகளைக் களத்தில் அளந்து காட்டுபவர் நில அளவர். காகிதத்தில் பத்து சென்ட்டாக இருப்பது தரையில் எட்டேகாலாக இருக்கலாம்.

பணம் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நிலக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விற்றவர் மீது விழும். ஆகவே விற்பவரும் கணக்காயரைக் கலந்து கொள்வது நலம்.

"இத்தனை பேருக்குச் செலவழிப்பதா?" என்று கேட்கலாம். இருபது லட்ச ரூபாய் மதிப்புள்ள கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதமும் பதிவுக் கட்டணம் 2 சதமும் சேர்ந்து 1,80,000 ரூபாய் அரசுக்குக் கட்டுகிறோம். உரிமை உண்டா என்று அறிவதற்கு ஆகும் செலவு அதன் முன் சிறிது. முன்பணம் கொடுக்குமுன் கேட்டால் அது ஆலோசனை. கொடுத்தபின் கேட்டால் அது வழக்கு.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

வாரிசுகள் யார் யார் என்பதை நமது நிகாஹ் பதிவேடும் மையத்துப் பதிவேடும் சொல்லும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று அவசியமே. எனினும் வெளியூரில் மணமுடித்துச் சென்ற மகளின் பெயர் விடுபட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஜமாஅத் பதிவேட்டைப் போல் துணை வேறில்லை. சொத்து வாங்கும் உறுப்பினர் கேட்டால் அவ்விவரத்தைப் பார்த்துச் சொல்ல நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது நபிவழி. நிலத்தில் தங்கைக்குப் பங்கு இருப்பதும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய செய்தியே. முதலில் அவருக்குரியதைக் கொடுத்துவிட்டு, அவரையும் அழைத்து வந்து கையெழுத்திடச் செய்யுங்கள். அந்தக் கிரயம்தான் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

ஹலாலான பொருளை ஹலாலான வழியில் சேர்க்கவும், உரியவர் உரிமையை உரியவரிடம் ஒப்படைக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.