ஒழுங்கையும் ஊராட்சியும்

(விடத்தல்தீவில் கூடிய ஊர்மக்கள் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் அரசியலமைப்பைப் பற்றியும் அதிகாரப் பகிர்வைப் பற்றியும் பேசுவதே என் வழக்கம். இன்று நான் பேச வந்திருப்பது, உங்கள் படலைக்கு முன்னால் இரவு முழுவதும் நிற்கும் லொறியைப் பற்றி. இஃது அற்ப விடயம் என்று கருதுவோர் சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன். தன் ஒழுங்கையை ஆளத் தெரியாத ஊர், தன் மாகாணத்தை ஆளும் உரிமையைக் கேட்பது எங்ஙனம்?

மன்னாரிலிருந்து பூநகரி வழியாகச் செல்லும் ஏ-32 நெடுஞ்சாலை போருக்குப் பின் செப்பனிடப்பட்டது. நண்டும் இறாலும் வாங்க வரும் கூலர் வண்டிகளும், ஐஸ் ஏற்றிய லொறிகளும், நெல் மூட்டை சுமக்கும் உழவு யந்திரங்களும் எளிதாக வந்து போகின்றன. வரட்டும், நன்மையே. ஆனால் நெடுஞ்சாலை அகன்றது, ஒழுங்கை அகலவில்லை. மாட்டு வண்டியை அளவாகக் கொண்ட பாதையில் ஒரு லொறி நின்றுவிட்டால், அழைத்தவுடன் வரவேண்டிய நோயாளர் காவு வண்டி சந்தியிலேயே நின்றுவிடுகிறது. பள்ளிப் பிள்ளை லொறிக்கும் வேலிக்கும் இடையே நுழைந்து போகிறது.

வீட்டுக்காரர் சொல்கிறார்: "என் வேலிக்கு முன்னால் உள்ள நிலம் என்னுடையது." கல்லையும் மரக்குற்றியையும் கொண்டுவந்து போடுகிறார். வண்டிக்காரர் சொல்கிறார்: "தெரு எல்லோருக்கும் பொது, எங்கும் நிறுத்துவேன்." இருவர் கூற்றும் தவறு என்பதே சட்டத்தின் முடிவு.

சட்டம் கூறுவது என்ன?

1812ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு வழக்கு நடந்தது. பயணிகளை ஏற்றும் குதிரை வண்டிகளை ஒருவர் சாரிங் குரொஸ் தெருவில் நெடுநேரம் நிறுத்தி வைத்தார். எலன்பரோ பிரபு அளித்த தீர்ப்பின் சாரம் இது: ஆளை ஏற்றவும் இறக்கவும் நியாயமான நேரம் நிற்கலாம், அரசரின் பெருந்தெருவை லாயமாக்க முடியாது. தெருவின் முதற் பயன் போக்குவரத்து என்பதே இதன் கருத்து.

நம் நாட்டுச் சட்டமும் இந்த நெறியிலேயே செல்கிறது. பொதுவழியை மறிப்பது குற்றம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி, பொதுவழியிலுள்ள தடையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். வேலிக்கு வெளியே கல் போட்ட வீட்டுக்காரருக்கும் அந்தக் கட்டளை வரும் என்பதை மறந்துவிட வேண்டாம்!

ஆயினும் ஒவ்வொரு லொறிக்கும் நீதிமன்றம் ஏற இயலுமா? வழியை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பிரதேச சபைக்கு உரியது. ஏ-32 வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கிறது. அதற்கு அங்கேதான் மனுக் கொடுக்க வேண்டும். ஊர் ஒழுங்கைகளோ பெரும்பாலும் நம் மாந்தை மேற்குப் பிரதேச சபைக்கு உரியவை.

ஆளுக்கா, இடத்துக்கா?

அவ்வாறாயின் எத்தகைய விதி வேண்டும்? "ஊரவருக்கு அனுமதி, பிறருக்குத் தடை" என்பர் சிலர். அமெரிக்காவின் ஆர்லிங்டன் என்ற இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். பக்கத்து அலுவலகங்களுக்கு வருவோரின் கார்கள் குடியிருப்புத் தெருக்களை அடைத்துக்கொண்டன. குடியிருப்போருக்கும் அவர்களிடம் வருவோருக்கும் மட்டும் அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. இது சமத்துவத்துக்கு மாறானதன்று என 1977இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அந்த விதியைப் பிடுங்கி வந்து இங்கே நடக்கூடாது என்பேன். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களும் அவர்களுள் அடங்குவர். 2008இல் போர் இங்கு வந்தபோது எஞ்சியிருந்தோரும் சிதறினர். மீண்டு வந்தவர்களுள் பதிவு புத்தளத்திலும் வீடு மன்னாரிலுமாக வாழ்வோர் உண்டு. பதிவேட்டைப் பார்த்து அனுமதி கொடுத்தால், தன் தகப்பன் நடந்த ஒழுங்கையிலேயே ஒருவன் அந்நியனாவான். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். விதி ஆளைப் பார்க்கக்கூடாது. இடத்தையும் நேரத்தையும் வண்டியின் பருமனையும் பார்க்கவேண்டும்.

என் யோசனைகள் இவை:

வளைவு, சந்தி, பள்ளிக்கூட வாயில், வழிபாட்டிட வாயில், வைத்தியசாலை வழி ஆகியவற்றில் எந்நேரமும் நிறுத்தத் தடை.

ஒடுங்கிய ஒழுங்கைகளில் பாரவண்டிகள் இரவு தங்கத் தடை. ஆனால் மீனும் நெல்லும் ஏற்றி இறக்கும் நேரத்துக்கு விலக்கு உண்டு. கமக்காரரும் கடற்றொழிலாளரும் அஞ்ச வேண்டியதில்லை. தொழில் செய்ய நிற்பது வேறு, லாயமாக்குவது வேறு.

மரணவீடு, திருமணம், திருவிழா ஆகியவற்றுக்குத் தளர்வு.

இவை அனைத்துக்கும் முன்னதாக, வண்டிகள் தங்க ஒரு பொது இடம். இடம் காட்டாமல் தடைப் பலகை நடுவது ஆட்சியன்று, அபராத வேட்டை. அந்த இடத்துக்காக, 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனமான கண்டற்கரையில் ஒரு முழமேனும் நிரப்பக்கூடாது.

இவற்றைச் சபை தீர்மானித்து, மாகாண அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளியிட்டு உபவிதியாக்க வேண்டும். எழுதப்படாத தடை, பொலிஸ்காரரின் மனநிலைக்கேற்ப நீளும், சுருங்கும். தெரிந்தவனை விடும், தெரியாதவனைப் பிடிக்கும்.

இங்கேதான் சிறிய விடயம் பெரிய விடயமாகிறது. 2018 அக்டோபரில் வடமாகாண சபையின் காலம் முடிந்தது. அங்கீகாரம் அளிக்கவேண்டிய மக்கள் பிரதிநிதியின் ஆசனம் வெறுமையாயிற்று. 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலமும் முடிந்தது. 2025 மே மாதத் தேர்தல் வரை ஈராண்டுக்கு மேல் உத்தியோகத்தரே நிர்வாகம் நடத்தினர். அக்காலத்தில் ஒழுங்கையை மறித்த லொறியைப் பற்றிக் கேட்க, நீங்கள் தெரிந்தெடுத்த ஒருவர்கூட இருக்கவில்லை. உள்ளூராட்சித் தேர்தல் பிந்தினால் யாருக்கு நட்டம் என்று கேட்பவருக்கு உங்கள் படலையைக் காட்டுங்கள்!

இப்போது சபை உண்டு. ஆகவே இக்கூட்டம் கலையுமுன் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் இருவரைத் தெரியுங்கள். ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் வண்டி வைத்திருப்பவர். இருவரும் சேர்ந்து அகலத்தை அளந்து எழுதட்டும். அந்த அளவுக் குறிப்போடு சபைக்குப் போவோம். கல்லை நாமே அகற்றுவோம். லொறியை அவர்களே அகற்றட்டும். நம்மை நாமே ஆளும் பயிற்சி இந்த ஒழுங்கையிலிருந்து தொடங்கட்டும்.