மா விழுந்தது

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் ஒருநாள் எங்கள் தமிழ் ரீச்சர் கரும்பலகையில் "மா விழுந்தது" என்று எழுதிவிட்டு, "விழுந்தது என்ன?" என்று கேட்டார். பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "கோதுமை மா, ரீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்துவிட்டுத்தான் விளக்கினார்.

மா என்றால் மாமரம். விலங்குக்கும் அதே பெயர். "மா பூத்தது" என்றால் மரம். "மா ஓடியது" என்றால் விலங்கு. வினைச்சொல்லே பொருளைக் காட்டிவிடும். ஆனால் விழுவது இரண்டுக்கும் பொது. தொல்காப்பியர் இவற்றை வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல், வினை வேறுபடாத பலபொருள் ஒருசொல் என்று பிரித்தார். பின்னதில் எதைக் குறிக்கிறோம் என்பதைச் சொல்பவரே தெளிவாக்க வேண்டும். சோதனைக்காகப் பாடமாக்கினேன், பிறகு மறந்துவிட்டேன்.

நான் பயிற்சி வைத்தியராக இருந்தபோது வயதான அம்மா ஒருவர், "மயக்கமா வருகுது பிள்ளை" என்றார். தலைச்சுற்று என்று எழுதி, அதற்குரிய குளிசையையும் எழுதினேன். பக்கத்தில் நின்ற மூத்த தாதி மெதுவாகக் கேட்டார்: "அம்மா, வீடு சுத்துறமாதிரியோ, கண் இருட்டுறமாதிரியோ?"

"சுத்தேல்லை மோனை. கண் இருட்டும், பிறகு விழுந்துபோவன்."

அப்போதுதான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 36. வருத்தம் காதில் அல்ல, இதயத்தில். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் சனம் மயக்கம் என்று சொல்வது உட்காதின் கோளாறால் வரும் சுழற்சியாக இருக்கலாம். எழும்பும்போது இரத்த அழுத்தம் குறைவதாக இருக்கலாம். நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்கி வரும் வியர்வையும் நடுக்கமுமாக இருக்கலாம். வெறும் நித்திரைத்தூக்கமாகவும் இருக்கலாம். எல்லாமே "வருகுது" தான். வினை வேறுபடாத சொல்!

இன்று எங்களில் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கிறோம். அம்மாவை, மாமியை வைத்தியரிடம் கூட்டிச்சென்று மொழிபெயர்ப்பவர்களும் நாங்கள்தான். அவர்கள் "மயக்கம்" என்றதும் உடனே ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள். "எப்படி மயக்கம்? என்ன செய்யேக்க வருகுது?" என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அன்று கரும்பலகையில் அந்த இரண்டு சொற்களை எழுதிய ரீச்சருக்கு என் நன்றி.